கோல்ஃப் கிளப்புக்குப் பாதி விலை

முதல் கூப்பன் வந்துவிட்டது என்பதுதான் செக்கருக்கு முதல் சந்தேகம்.

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். கத்தரிக்கோலால் வெட்டவில்லை, கையால் கிழித்திருக்கிறது. கோல்ஃப் கிளப்பில் சேர நினைக்கிற மனிதன் வீட்டில் ஒரு கத்தரிக்கோல்கூடவா இருக்காது?

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்தே பிழைக்கிறவர். அந்தப் பழக்கத்தில், சும்மா பேசும்போதும் எதிராளியின் பல்லைத்தான் பார்ப்பார். செக்கர் அதையும் மனதில் குறித்துக்கொண்டார். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான்.

"இந்தக் கூப்பன் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"பேப்பர்ல வந்தது சார். புது மெம்பருக்கு முதல் வருஷம் பாதிக் கட்டணம்னு போட்டிருந்தது."

"எந்தப் பேப்பர்?"

"நீங்க விளம்பரம் குடுத்த பேப்பர்."

"நாங்கதான் குடுத்தோம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"கீழ உங்க கிளப் பேர் போட்டிருக்கே சார்."

செக்கர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறான். டிக்கெட் வாங்கியவன் கேட்டால் திருதிருவென்று முழிப்பான்; வாங்காதவன்தான் வரிசையாகப் பதில் சொல்வான்.

செக்கர் என்பது அவர் பெயரல்ல, பிழைப்பு. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வழியில் கை காட்டி நிறுத்தி ஏறினாரென்றால், முறையாக டிக்கெட் வாங்கியவர்கள்கூட ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். தூங்குகிறவனை நம்பாதே, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவனை நம்பவே நம்பாதே என்பது அவர் கொள்கை. ஒருமுறை கண்டக்டரிடமே டிக்கெட் கேட்டவர். பிறகு பஸ்களில் மெஷின் வந்தது. மெஷின் யாரையும் சந்தேகப்படாது, ஆனால் சம்பளமும் கேட்காது. செக்கர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீடு என்றால் சொந்த வீடில்லை. மனைவியின் அண்ணன் வீடு. சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருந்தார் மச்சான். அவர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று ஊருக்கே தெரியும். அவர் சம்சாரம் அதற்கு ஒரு படி மேல். செக்கரின் மனைவி குளிக்கப் போனால், குளியலறைக்கு வெளியே நின்று அந்த அண்ணி இருமுவாள். விளக்கு எரிகிறதே என்று இருமல், தண்ணீர் ஓடுகிறதே என்று இருமல். இரண்டும் வேறு வேறு ராகம். வருஷக்கணக்கில் இருமலுக்குப் பயந்து பாதி சோப்போடு வெளியே வந்தவள் செக்கரின் மனைவி.

அப்படி இருந்தபோதுதான் கிளப்பில் மேனேஜர் வேலை கிடைத்தது. நேர்காணலுக்குக் கழுத்தில் டை கட்டியவர்கள், கோல்ஃபைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்திருக்க, பந்துக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாத செக்கருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார் கிளப் தலைவர். ஒரு வாரம் செக்கர் அதையும் சந்தேகப்பட்டார். பிறகு அவரும் மனைவியும் கிளப்புக்குப் பின்னால் இருக்கும் மேனேஜர் வீட்டைப் பார்த்தார்கள். இரண்டு அறை, ஜன்னல் வைத்த சமையலறை, உள்ளே தாழ்ப்பாள் போட்ட குளியலறை. முதல் நாள் மனைவி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே போனவள், செக்கர் கதவைத் தட்டி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கிற வரைக்கும் வெளியே வரவில்லை.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமில்லை. ஆண்டுக் கூட்டத்தில்தான் முடிவு. தலைவர் அளந்து பேசுகிற மனிதர். கூப்பன் விளம்பரம் வந்த பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு, "புது மெம்பர் விஷயம் பூரா உங்க பொறுப்பு. கூட்டத்துல பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று செக்கர் மனைவிக்கு விளக்கினார். ஆள் சேர்த்தால் வீடு. சேர்க்காவிட்டால் இருமல்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், பல் டாக்டர் "உள்ள எத்தனை பேர் மெம்பரா இருக்காங்க?" என்று சாதாரணமாகக் கேட்டபோது செக்கரின் முதுகு நிமிர்ந்துவிட்டது. இவனுக்கு எதற்கு அந்தக் கணக்கு? மலையடிவாரத்தில் இன்னொரு கிளப் இருக்கிறது. அங்கிருந்து வேவு பார்க்க அனுப்பியிருப்பார்கள். நாசூக்காகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கிளப்பில் மெம்பர் இல்லை என்று அவர்களிடமே ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்.

டாக்டருக்குப் புரிய நேரம் பிடித்தது. "நான் மெம்பரா இல்லாத இடத்துல போய், நான் மெம்பர் இல்லைன்னு கடிதம் கேட்கணுமா?"

"ஆமா."

"குடுப்பாங்களா?"

"நீங்க நிஜமாவே மெம்பர் இல்லைன்னா ஏன் குடுக்க மாட்டாங்க?"

டாக்டர் அப்போதுதான் முதன்முறையாக அவர் கண்ணைப் பார்த்தார். எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பி, "மேல்வரிசையில ஒரு கடைவாய்ப்பல் ஆடுது சார், பார்த்துக்கங்க" என்றார்.

மிரட்டிவிட்டுப் போகிறான் என்று செக்கர் நினைத்துக்கொண்டார்.

மதியம் சாப்பாட்டுக்கு வந்ததும் நடந்ததைப் பெருமையாகச் சொன்னார். மனைவி கரண்டியை வைத்துவிட்டாள்.

"வந்த ஒரே மனுஷன். உட்கார வச்சு ஒரு டீ குடுத்திருந்தா ஓடியா போயிடுவாரு?"

"ஓடிட்டான்ல? நல்லவனா இருந்தா ஏன் ஓடறான்?"

இதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்ன பேசுவது? அண்ணி காலையில் போன் பண்ணிய செய்தியை மட்டும் சொன்னாள். அந்தப் பின் அறையில் பழைய மெத்தையெல்லாம் போட்டு வைத்திருக்கிறாளாம். நீங்கள் எப்போது திரும்பி வருவீர்கள் என்று தெரிந்தால் அதற்குள் ஒதுக்கி வைப்பாளாம். திரும்பி வருவீர்களா என்று கேட்கவில்லை, எப்போது என்றுதான் கேட்டாளாம்.

செக்கருக்குச் சுருக்கென்றது. இனி ஆள் வந்தால் அலைக்கழிக்கக் கூடாது. அதே சமயம் கள்ளக் கூப்பனும் உள்ளே நுழையக் கூடாது. பாம்பும் சாகவேண்டும், கம்பும் உடையக் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கிளப் முத்திரை குத்திய கூப்பன் மட்டும்தான் செல்லும். முத்திரை இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொன்னார்.

வாட்ச்மேன் சொன்னதைச் செய்கிறவர். சொன்னதை மட்டுமே செய்கிறவர்.

ஒருநாள் போனது. இன்னொரு நாள் போனது. ஈ காக்கை வரவில்லை. செக்கருக்கு முதலில் மகிழ்ச்சிதான். முத்திரை என்றதும் திருட்டுக் கூட்டம் அத்தனையும் அடங்கிவிட்டது பார்த்தாயா என்று மனைவியிடம் சொன்னார். மூன்றாம் நாள் கடைக்குப் போய்விட்டு வந்த மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அவர் ஆபீஸ் அறைக்கே வந்து நின்றாள்.

"வாசல்ல ஒரு கூட்டமே நிக்குதுங்க. ஆளாளுக்குக் கையில கூப்பன். முத்திரை இருந்தாதான் உள்ள விடுவேங்கறாரு உங்க வாட்ச்மேன்."

"சரியாத்தானே சொல்றார்?"

"அந்த முத்திரை எங்க குத்துவாங்கன்னு ஒருத்தர் கேட்டாரு."

"என்ன சொன்னார்?"

"உள்ளன்னாரு."

செக்கர் மேஜை இழுப்பறையைப் பார்த்தார். முத்திரை அங்கேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. வெயிலில் நின்று நின்று வெறுத்துப் போனவர்களில் சிலர் கூப்பனைக் கசக்கி வாட்ச்மேன் காலடியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அதையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தார், முத்திரை இல்லாத குப்பையை உள்ளே விடலாமா என்று மேனேஜரிடம் கேட்பதற்காக.

போகாமல் நின்றிருந்தவர்கள் இரண்டே பேர். கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற அக்காவும் தம்பியும். அப்பா காலத்துக் கடை. அக்கா கல்லாவில், தம்பி அடுப்படியில். விடியற்காலையிலிருந்து அனலில் வேகிறவர்கள், சாயங்காலம் பச்சைப் புல்லில் கொஞ்சம் நடக்கலாமே என்று வந்திருந்தார்கள். செக்கர் அவர்களைக் கையோடு அழைத்து வந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, மனைவி சொன்னபடி டீயும் வரவழைத்தார். முத்திரையை மையில் ஒற்றிக் கையை ஓங்கியும்விட்டார். அப்போதுதான் கூப்பனின் கீழே பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே?"

"ஆமா சார். கூடப் பொறந்தவன்" என்றாள் அக்கா.

"அப்ப ஒரு கூப்பன்தான் செல்லும்."

அக்கா யோசித்தாள். "எனக்குக் கல்யாணம் ஆகி வேற வீட்ல இருக்கேன் சார். இவன் தனியா இருக்கான். அப்படிப் பார்த்தா வேற வேற குடும்பம்."

"இப்பதான் ஒரே குடும்பம்னீங்க?"

"சரி சார், வேற வேற குடும்பம்னே எழுதிக்கங்க."

செக்கர் முத்திரையைக் கீழே வைத்தார். குரலில் பழைய பஸ் ஏறிக்கொண்டது. "ஒரு பாதி விலைக் கூப்பனுக்காகக் கூடப் பொறந்தவனையே இல்லைங்கறீங்க. நாளைக்கு இந்தக் கிளப்பை என்ன சொல்ல மாட்டீங்க?"

அதுவரை டீயை ஊதிக்கொண்டிருந்த தம்பி கோப்பையை வைத்தான். "அவர் கேக்கறதுல என்ன தப்பு? கடையை எழுதறப்பவும் இப்படித்தானே வேற வேற குடும்பம்னே?"

"ஏண்டா, அதை இப்ப ஏண்டா எடுக்கறே?"

"நீதானே எடுத்தே."

அப்புறம் அப்பா உயில் வந்தது, ரொட்டி அடுப்பு வந்தது, யார் கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்பது வந்தது. புல்வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். கடைசியில் அக்கா முன் வாசல் வழியாகவும் தம்பி பின் வாசல் வழியாகவும் போனார்கள். ஊரில் இன்றைக்கு இரண்டு ரொட்டிக்கடை இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் கோல்ஃப்.

கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி அவரோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். பாத்திரங்கள்தான் பேசின. செக்கர் ராத்திரி பகலாகக் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு யோசித்ததில், தப்பு தன்னிடம் இல்லை, முறையில்தான் என்று பட்டது. பேப்பரைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, குடும்பத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவதைவிட, கையில் ஒரு மட்டையைக் கொடுத்து ஒரு பந்தை அடிக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். உண்மையாகவே விளையாட வந்தவனா, வேறு உள்நோக்கத்தோடு வந்தவனா என்று பந்து சொல்லிவிடும்.

முத்திரை வேண்டாம், கூப்பனோடு வருகிறவர்களை உள்ளே விடுங்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தார். மறுநாள் முதலில் வந்தவர் ஒரு முடிதிருத்துநர். மட்டையை வாங்கிக் கத்தரிக்கோலைப் போல இரண்டு விரலால் பிடித்தார். ஓங்கி வீசினார். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்திலிருந்த புல் மட்டும் அழகாகச் சீவப்பட்டு மேலே போய் அவர் தலையிலேயே விழுந்தது.

"ஆடவே தெரியாதவருக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார் செக்கர்.

கற்றுக்கொள்ளத்தான் வந்தேன் என்றார் அவர். கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார் செக்கர்.

அடுத்து வந்தது ஒரு நீச்சல் டீச்சர். வாட்டசாட்டமான பெண்மணி. மட்டையைப் பிடித்த விதத்திலேயே செக்கருக்கு நெஞ்சு பகீரென்றது. உடம்பைத் திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம். பந்து எழும்பியது, மரத்துக்கு மேலே போனது, கூரைக்கு மேலே போனது, அப்புறம் கண்ணிலேயே படவில்லை. புல்வெட்டுகிறவர் கை தட்டினார்.

செக்கர் தட்டவில்லை. இவ்வளவு நாளாக எங்கே இருந்தீர்கள் என்றார். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி இப்போதுதான் வந்தேன் என்றாள்.

"இவ்ளோ நல்லா ஆடறவங்களுக்குப் பாதி விலை எதுக்கும்மா?"

"விளம்பரம் போட்டீங்களே சார். அதான் வந்தேன்."

"அது ஆடத் தெரியாதவங்களை இழுக்கப் போட்டது."

"அப்ப எனக்கு முன்னாடி வந்தவரை ஏன் அனுப்பினீங்க? அவருக்கு ஆடத் தெரியலையே."

செக்கர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கார் நிறுத்துகிற பக்கமிருந்து கண்ணாடி நொறுங்கும் சத்தம் வந்தது. நொறுங்கி முடிந்த பிறகும் துண்டுகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் நிதானமாக வந்துகொண்டே இருந்தது. டீச்சர் மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, இந்தக் கிளப்பே வேண்டாம் சாமி என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தலைவருடைய கார். முன் கண்ணாடி முழுசாகப் போயிருந்தது. தலைவரின் டிரைவர், இருக்கையில் கிடந்த பந்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, நல்ல வேளை நான் டீ குடிக்கப் போயிருந்தேன் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் வந்தார். காரைப் பார்த்தார். செக்கரைப் பார்த்தார்.

"யார் அடிச்சது?"

"கூப்பன் கேஸ் சார். ஒரு டீச்சரம்மா."

"சேர்த்தாச்சா?"

"இல்ல சார். போயிட்டாங்க."

"ம்" என்றார் தலைவர். அவ்வளவுதான். வேறு காரை வரவழைத்து ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பூராவும் செக்கர் அந்த 'ம்'மைப் பல விதமாகச் சொல்லிக் காட்டினார். மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா? உதட்டைப் பிரித்தாரா, மூடினாரா? எப்படிச் சொன்னாலும் அதில் வீட்டைக் காலி பண்ணு என்றே கேட்டது.

இனி இவரை நம்பிப் பயனில்லை என்று மனைவி முடிவு கட்டினாள். இருக்கிற ஒரே வழியைப் பிடித்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் அண்ணனுக்குப் போன் போட்டு அழுதாள். ஒரே ஒரு மெம்பராவது சேர்ந்தால் இவர் தலை தப்பும், ஒரு வருஷத்துக்கு மட்டும் பேரைக் கொடு, பாதிப் பணம்தான், அதையும் மாசாமாசம் நானே மிச்சம் பிடித்துத் தந்துவிடுகிறேன் என்றாள். காக்கா ஓட்டாத கை அன்றைக்கு இறங்கி வந்தது. தங்கை பாசமா, இவர்கள் திரும்பி வந்துவிடுவார்களோ என்ற பயமா, நமக்கெதற்கு அந்த ஆராய்ச்சி. மச்சான் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலால் நேராக வெட்டிய கூப்பனோடு வந்தார். வாட்ச்மேனைத் தாண்டினார். செக்கருக்கு எதிரே உட்கார்ந்தார்.

செக்கர் நடந்தது எதையும் அறியார். மச்சானைப் பார்த்தார். கூப்பனைப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்கு மச்சான் கோல்ஃப்?"

"எனக்கெதுக்கு கோல்ஃப்? தங்கச்சி சொன்னா, வந்தேன். எங்க கையெழுத்துப் போடணும், காட்டு மாப்ள."

"அப்ப ஆடற எண்ணம் கிடையாது."

"கிடையாது."

"ஆடற எண்ணமே இல்லாம பணம் கட்டிச் சேர்றவரு எதுக்குச் சேர்றாரு?"

"உன் வேலை நிக்கணும்னுதான்."

செக்கர் மெல்லச் சிரித்தார். தனக்காக இந்த மனிதர் காசு செலவழிக்கிறாராம். வீட்டில் தீக்குச்சியை இரண்டாகக் கிழித்துப் பயன்படுத்துகிறவர். இதில் என்னமோ இருக்கிறது. மெம்பர் என்று உள்ளே நுழைந்து, தினம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, இவர் என்ன செய்கிறார் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துப் பார்த்து அண்ணியிடம் போய் ஒப்பிப்பதற்கா? இல்லை, இந்த மேனேஜர் வேலை மீதே கண்ணா? பழக்கதோஷத்தில் கை தானாக நீண்டது.

"அடையாள அட்டையை எடுங்க."

மச்சான் அவர் கையைப் பார்த்தார். "யாருகிட்ட கேக்கற?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு மச்சான்."

"வருஷக்கணக்கா என் வீட்ல சாப்பிட்டிருக்க. நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அதெல்லாம் அத்தாட்சி ஆகாது. அதோட, வேலை செய்யறவங்க சொந்தக்காரங்க சலுகையில சேரலாமான்னு இந்தக் கூப்பன்ல போடலை. நான் விசாரிக்கணும்."

மச்சான் எழுந்து நின்றார். கூப்பனை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைக்கூட விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

"மாப்ள, நல்லாக் கேட்டுக்க. வேலை போனாலும் சரி, வெள்ளம் வந்தாலும் சரி, இனிமே என் வீட்டு வாசப்படியை நீ மிதிக்கக் கூடாது."

செக்கர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, மனைவி பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. மடித்த புடவையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"நாளைக்கு இந்த வீடும் போயிட்டா, எங்கங்க போறது?"

செக்கர் எல்லோரிடமும் கேள்வி கேட்டே பழகியவர். அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. கூடவே வேறு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று செக்கர் கதவில் காதை வைக்கப் போனார், அப்புறம் வைக்கவில்லை. சுவர்க் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. இந்த முகத்தை ஒரு பஸ்ஸில் பார்த்திருந்தால், முதலில் இவனிடம்தான் டிக்கெட் கேட்டிருப்பேன் என்று தோன்றியது.

மறுநாள் காலை ஆண்டுக் கூட்டம்.

கூடத்தில் தோல் நாற்காலிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்கென்று வருஷக்கணக்கில் குழிந்து போனவை. அதே ஆட்கள் அதே குழியில் உட்கார்ந்திருந்தார்கள். செக்கர் ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் நின்றுகொண்டார். தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வருஷத்துச் செய்திகளை ஒரே குரலில் படித்துக்கொண்டே போனார். புல்வெட்டும் மெஷின் பழுது. மணல் குழிக்குப் புது மணல். மைதானம் நகராட்சி நிலம் என்பதால் பொதுமக்களுக்குச் சலுகை விலையில் இடம் தருவதாக விளம்பரம் செய்தாக வேண்டும், செய்தாயிற்று, குத்தகை புதுப்பித்தாயிற்று. கார் கண்ணாடி மாற்றியது கிளப் செலவில். அந்த இடத்தில் செக்கருக்கு வியர்த்தது. வேறெதுவும் அவர் காதில் ஏறவில்லை. பெட்டி இரண்டையும் எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போவது என்ற நினைப்பிலேயே இருந்தார்.

"புது மெம்பர் விஷயம்" என்றார் தலைவர். "மேனேஜர் சொல்வார்."

எல்லாத் தலைகளும் திரும்பின. செக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் யாராவது அத்தாட்சி கேட்டால்?

"யாரும் சேரலை சார்."

முன் வரிசையில் ஒரு கிழவர் காதில் கை வைத்துக் குனிந்தார். "ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ம்" என்றார். அதே 'ம்'. பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே, "மேனேஜர் வேலை இன்னிலேருந்து நிரந்தரம். வீட்டுக்கும் பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடலாம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார். யாருக்கும் இல்லை. அடுத்தது தேநீர் என்றார்.

செக்கர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு மனிதனாக இருந்தால் ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டிருப்பான். பெட்டியைப் பிரி என்றிருப்பான். செக்கருக்குச் சந்தேகம்தான் வந்தது. ஒரு ஆள்கூடச் சேர்க்காதவனுக்கு யார் வேலையை நிரந்தரம் பண்ணுவார்கள்? சிரிக்காமல் சிரிக்கிறார்கள். நாளைக்குக் காலையில் ஆளை விட்டுச் சாமான்களை வெளியே எறியப் போகிறார்கள். கூடத்தில் யாரிடம் கேட்டாலும் உண்மை வராது. கார் நிறுத்துகிற பக்கம் போனார். தலைவரின் டிரைவர் புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் உட்கார்கிறவனுக்குப் பின் இருக்கைப் பேச்சு தெரியாமலா போகும்?

அவரை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நடந்ததைச் சொன்னார். இதில் என்ன சூது என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்த மேனேஜரை எதற்காக அனுப்பினார்கள், அதையாவது சொல்லுங்கள் என்றார்.

டிரைவர் துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: "அவரு தங்கமான மனுஷன் சார், போன தடவை கூப்பனோட யார் வந்தாலும் நம்பி, உட்கார வச்சு டீ குடுத்துச் சேர்க்கப் பார்த்தாரு, அதான் உடனே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டு, யாரையுமே நம்பாத ஆளா ஊரெல்லாம் தேடி உங்களைப் பிடிச்சாங்க."